மூன்று நிமிடத்தில் கக்கன்

ஜூன் 5, வியாழன்

மகள் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தலைப்பு கக்கன், நேரம் மூன்று நிமிடம். 18ஆம் தேதி அவர் பிறந்த நாள், போட்டியும் அன்றைக்கே. "எழுதிக் குடுங்கப்பா" என்று நோட்டை நீட்டினாள். கக்கன்தானே, பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். அமைச்சராக இருந்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தார், அங்கே இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகக் கண்டு உதவினார். முடிந்தது.

படித்துப் பார்த்தால் உறுத்துகிறது. ஒரு பக்கம் முழுக்க அவர் நோயாளியாக இருந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். எந்தத் துறைக்கு அமைச்சர் என்றுகூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மதுரைக்காரன் நான்.

ஜூன் 7, சனி

விடுமுறை. நாள் முழுக்க இதே வேலை.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர். அப்பா ஊர்க் கோயில் பூசாரி, பூசாரி கக்கன் என்றே பெயர். அந்தப் பூசாரியின் மகனுக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முப்பது வயதை ஒட்டி ஆகிவிட்டது. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் அழைத்துப் போன அறுவரில் இவரும் ஒருவர். இவரையும் சேர்த்து ஐந்து பேர் தாழ்த்தப்பட்டோர், ஒருவர் நாடார்; அந்நாளில் இவர்களுக்கெல்லாம் உள்ளே அனுமதி இல்லை. இன்றைக்கு நாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற வாசல்தான் அது. அன்று அதற்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டியிருந்தது, கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு உள்ளேயிருந்து ஒத்துழைக்க வேண்டியிருந்தது. போனவர்கள் மேல் வழக்கு பாயாமல் இருக்க அதே மாதம் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அப்புறம் 1942 'வெள்ளையனே வெளியேறு' ஆகஸ்ட் போராட்டம், சிறை. 1946இல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952இலிருந்து 57 வரை மதுரை எம்.பி. காமராஜ் முதல்வரானதும் மாநிலக் காங்கிரஸ் தலைவர் பதவி இவருக்கு வந்தது. கட்சிக்குள் அது லேசுப்பட்ட நாற்காலி இல்லை. காமராஜே பல வருஷம் உட்கார்ந்திருந்தது. அதில் இன்னொருவர் உட்காருகிறார் என்றால் வெறும் நல்ல மனிதர் என்பதற்காகக் கொடுத்திருக்க மாட்டார்கள். 'எளிமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்போது இந்த அரசியல்வாதி எங்கேயோ காணாமல் போய்விடுகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

துறைகளை ஒரு வழியாக வரிசைப்படுத்திவிட்டேன். 1957இல் பொதுப்பணி, கூடவே அரிஜன நலம். 1962இல் விவசாயம். 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சொந்த ஊர் மேலூர் தாலுகாவில்தான். பெரியாற்றுப் பாசனத்தில் கடைமடை, அதாவது கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஒருபோகம். பொதுப்பணி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வைகை அணை தெறந்தது அவரு மந்திரியா இருந்தப்பதான்." சரிபார்த்தேன், 1959 ஜனவரி 21. "எங்கப்பா லாரியில ஏறிப் போய் அணையப் பாத்துட்டு வந்து ஒரு மாசம் அதே பேச்சு. கடைமடைக்காரனுக்கு அணைங்கிறது என்னன்னு உனக்குத் தெரியாது மாப்ளே."

தெரியாதுதான். ஆனால் கடைமடை ஊரிலிருந்து, அதுவும் சேரியிலிருந்து வந்த ஒருவர் தண்ணீருக்குப் பொறுப்பான துறையில் உட்கார்ந்தார் என்பது எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

ஜூன் 12, வியாழன்

இன்று சண்டை. உள்துறை என்ற இடம் வந்ததும் மாமா முகம் மாறிவிட்டது.

1965 ஜனவரியில் அவர் மதுரையில் கல்லூரி மாணவர். 26ஆம் தேதி இந்தி ஆட்சிமொழியாகப் போகிறது. அதற்கு முதல் நாள் மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல், அங்கிருந்து தீ மாநிலம் முழுக்கப் பரவியது. மாமாவின் முழங்காலில் ஒரு தழும்பு உண்டு. இத்தனை வருஷமாகத் தடியடி என்றே நினைத்திருந்தேன். "யாரும் அடிக்கல. ஓடும்போது சாக்கடையில விழுந்தேன்" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"பொள்ளாச்சியில சுட்டாங்க. இன்னும் எங்கெங்கயோ சுட்டாங்க. உள்துறை யாரு கையில இருந்துச்சு? நல்ல மனுசன், காசு தொடல, சரி. செத்தவன் வீட்டுல போய் அதச் சொல்ல முடியுமா?"

அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் அரசுத் தரப்புக் கணக்கிலேயே 70 பேரை ஒட்டி வருகிறது. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பிப்ரவரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கக்கன் 67 வரை பதவியில் தொடர்ந்தார். உத்தரவுகளில் முதல்வர் பங்கு எவ்வளவு, இவர் பங்கு எவ்வளவு என்று நான் வாதாடிப் பார்த்தேன். மாமா டி.வி.யைப் போட்டுவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கை சுத்தம் வேறு, பொறுப்பு வேறு.

ஜூன் 15, ஞாயிறு

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூரில் மாறி, தும்பைப்பட்டி மணிமண்டபம். மாமா வரமாட்டேன் என்றவர், நாங்கள் கிளம்பும்போது சட்டை போட்டுக்கொண்டு நின்றார். சிலை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "67ல தி.மு.க. ஓ.பி. ராமன்கிட்ட மேலூர்லயே தோத்தாரு. எங்க வீட்டுலயே யாரும் அவருக்குப் போடல" என்றார். பக்தவத்சலம், காமராஜ் எல்லோரும் தோற்ற தேர்தல் அது. அதற்குப் பிறகு கக்கன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதாகச் சொல்கிற கதைகளுக்கெல்லாம் முந்தைய காட்சி இதுதான். அந்த ஓட்டுகளைப் போட்டவர்கள்தான் பிறகு கதையும் சொன்னார்கள். மகள் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். கேட்டேன், காட்டவில்லை.

ஜூன் 18, புதன்

நான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தானே எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். கோயில் நுழைவுக்கே ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டதாம். வைகை அணை நடுவில் மணி அடித்துவிட்டார்கள். பரிசு இல்லை. முதல் பரிசு ஆஸ்பத்திரிக் கதை சொன்ன பையனுக்கு. நன்றாகத்தான் சொன்னான் என்கிறாள்.

வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார். "அறுபத்தஞ்சு சொன்னியா?"

"எழுதியிருந்தேன் தாத்தா. அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க."

"அப்ப எங்கிட்டச் சொல்லு" என்று சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.