காலில் வந்த கட்டிக்கு நெஞ்சை ஏன் ஸ்கேன் செய்தார்கள்?

என் அக்கா மகளுக்கு வலது முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் அடிப்பகுதியில் ஆஸ்டியோசார்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எல்லாம் முடிந்து இப்போது தொடர் பரிசோதனையில் இருக்கிறாள். அவள் அப்பா குவைத்தில் வேலை செய்கிறார். அதனால் கடலூருக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடியது பெரும்பாலும் தாய்மாமனான நான்தான். அந்த நாட்களில் எதிரில் வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ரொம்ப சீரியஸா? பிழைச்சுக்குவாளா?"

நானும் முதல் நாள் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். ஒரே வரியில் பதில் வரவில்லை. அது ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. இப்போது யாராவது வீட்டில் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவள் பள்ளி கோ-கோ அணியில் இருந்தவள். அப்போது பத்தாம் வகுப்பு. முழங்கால் வலி என்றால் விளையாட்டில் அடிபட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். தைலம், வலி மாத்திரை, ஒரு முட்டிப்பட்டை என்று கொஞ்ச நாள் போனது. ஆனால் ஓடினால் வலிக்க வேண்டிய கால், ஓய்வாகப் படுத்திருக்கும்போது வலித்தது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் வீக்கம். உறவில் ஒருவர் எலும்புக்கட்டு போடுபவரிடம் காட்டலாம் என்றார். அக்கா, "முதல்ல எக்ஸ்ரே எடுத்துடலாம்டா" என்றாள். இன்றைக்கும் அந்த ஒரு சொல்லுக்காக அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பின் ஓரம் வழுவழுப்பாக இல்லாமல், சூரியன் படம் வரையும்போது கதிர்களைக் கீறுவோமே, அப்படி வெளியே கிளம்பியிருந்தது. அவர் சுற்றி வளைக்கவில்லை. "இது கட்டி மாதிரி தெரியுது. எண்ணெய் போட்டு நீவாதீங்க, உருவி விடாதீங்க, கட்டும் போடாதீங்க. நேரா ஜிப்மர் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அடிபட்டதால் இந்த நோய் வருவதில்லை, அடிபட்ட காலைக் கவனிக்கும்போது ஏற்கெனவே இருப்பது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். பெரும்பாலும் வளரும் வயதில், எலும்பு வேகமாக நீளும் முழங்காலைச் சுற்றித்தான் வருமாம்.

மனசு கேட்காமல் இன்னொரு கருத்துக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போனோம். அங்கே, "நாளைக்கே கீறி ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டருக்குப் போன் போட்டேன். "வேண்டவே வேண்டாம். ஊசி போற வழியையும் சேர்த்து பின்னாடி ஆபரேஷன்ல எடுக்கணும். அதனால ஆபரேஷன் பண்ணப்போற இடத்துலதான் பயாப்சி எடுக்கணும்" என்றார். இது தெரியாமல் தப்பான இடத்தில் கீறிக்கொண்டு வந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலே போகலாம். எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

விடியற்காலை கடலூர் பஸ் நிலையத்தில் ஏறினால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி. அங்கிருந்து கோரிமேடு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். காகிதத்தைப் பத்திரப்படுத்துவதுதான் தொழில். எல்லா ரிப்போர்ட்டுக்கும் இரண்டு நகல், தேதி வாரியாக ஒரு ஃபைல், எம்.ஆர்.ஐ. சிடி தனி உறையில். ஒவ்வொரு டாக்டரும் ஃபைலைத் திறந்து, "யார் இதை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிறது?" என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தொடை எலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி ஓர் இடத்தில் தெரிந்தாலும், அதே எலும்பில் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி இருக்கலாம் என்பதால். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ், எல்.டி.எச். என்ற இரண்டு நொதிகளின் அளவைப் பார்த்தார்கள். எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். அக்கா பயந்துவிட்டாள். "கால்ல வந்ததுக்கு நெஞ்ச எதுக்குப் பார்க்கறாங்க? வேற ஏதாவது மறைக்கறாங்களா?"

அன்றைக்கு ஓ.பி.யில் இருந்த இளம் பெண் மருத்துவர் அக்காவை உட்கார வைத்து விளக்கினார். எனக்கு இந்த நோய் புரிந்ததே அப்போதுதான். காலில் இருக்கும் கட்டி உயிரை எடுப்பதில்லை. அது ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே வளர்ந்தால்தான் உயிருக்கு ஆபத்து. கண்டுபிடிக்கும்போதே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஸ்கேனில் தெரிகிற அளவுக்குப் பரவியிருக்கும். மீதிப் பேரில் பெரும்பாலானவர்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வைத்தியமே. 1970களுக்கு முன்னால் காலை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புவார்கள். கால் போன பிறகும் ஐந்தில் நாலு பேருக்கு நுரையீரலில் வந்துவிடும். கீமோதெரபி வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

"அப்ப எங்க பாப்பாவுக்கு?" என்றாள் அக்கா.

டாக்டர் எண்ணைச் சொன்னார். வேறு எங்கும் பரவாமல், கீமோவும் ஆபரேஷனும் முழுசாக முடித்தவர்களில் பத்துக்கு ஆறு, ஏழு பேர் ஐந்து வருடம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே நுரையீரலுக்குப் போயிருந்தால் அது பத்துக்கு இரண்டு, மூன்றாகக் குறையும். அப்போதும் நுரையீரலில் வளர்ந்த அந்தச் சின்னக் கட்டிகளை, கணுக்கள் என்பார்கள், ஆபரேஷனில் எடுக்க முடிந்தால் குணமாகிறவர்கள் உண்டு. "பாதியில நிறுத்தினவங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது" என்று அழுத்திச் சொன்னார். இரண்டு மூன்று கீமோவில் வலி குறைந்ததும் சரியாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேராம்.

எங்களுக்கு வந்த சி.டி. ரிப்போர்ட் இரண்டுங்கெட்டான். வலது நுரையீரலில் மிகச் சிறிய ஒரு கணு. புற்றாகவும் இருக்கலாம், எப்போதோ வந்துபோன காசநோய் அல்லது சளித்தொற்றின் தழும்பாகவும் இருக்கலாம். நம் ஊரில் அப்படிப்பட்ட தழும்பு சகஜம். "இப்போதைக்குப் பரவலைன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறோம். அதைக் கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்றார்கள். பத்துக்கு ஆறா, பத்துக்கு இரண்டா என்று தெரியாமலேதான் வைத்தியம் தொடங்கியது.

இடையில் ஊர்ப் பேச்சு. "எலும்புல கேன்சர் வந்தா அவ்வளவுதான்" என்று ஒருவர் என் கடையிலேயே நின்று சொன்னார். அவர் பெரியப்பாவுக்கு புரோஸ்டேட் புற்றுநோய், அது முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. அது வேறு, இது வேறு. மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல் போன்ற இடத்தில் தொடங்கி எலும்புக்கு வருவதுதான் பெரியவர்களிடம் அதிகம். எலும்பிலேயே தொடங்குவது அபூர்வம். அதிலும் யூவிங் சார்கோமா, காண்ட்ரோசார்கோமா என்று வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பயாப்சியில் பெயர் வராமல் யார் சொல்லும் பலனையும் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அதற்கப்புறம் மறுபடி கீமோ. இதுதான் வரிசை. கோரிமேட்டில் ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்தோம். அவளுக்கு சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், ஐபாஸ்பமைடு என்று மூன்று கீமோ மருந்துகள். டாக்சோரூபிசின் சிவப்பாக இருக்கும், சிறுநீரும் சிவந்து போகும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. டாக்சோரூபிசினுக்காக இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், சிஸ்பிளாட்டினுக்காகக் காது கேட்கும் திறன் சோதனையும் சிறுநீரகச் சோதனையும் எடுத்தார்கள். வாந்தி இருந்தது. ரசம் சாதமும் இட்லியும் தவிர எதன் வாசனையும் ஆகவில்லை. முடி கொட்டத் தொடங்கியதும் அவளே என்னிடம், "மாமா, இது ஒவ்வொண்ணா கொட்டறத பார்த்துக்கிட்டிருக்க முடியாது, மொத்தமா எடுத்துடலாம்" என்றாள். அக்கா அன்று முழுக்க சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

கீமோ முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, வாயாலும் சொல்லி, திரும்பவும் என்னைச் சொல்ல வைத்தார்கள். அறையைக் காலி செய்யாமல் வைத்திருந்தும் ஒருமுறை அவள் கடலூருக்கு வந்திருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. நள்ளிரவு தாண்டி வாடகைக் காரில் ஓடினோம். போனவுடன் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்த வாரம் நாங்கள் பயந்த அளவுக்குப் புற்றுநோய்க்கே பயந்ததில்லை. வெள்ளை அணு கவுண்ட் ஏறுவதற்கான ஊசியை அடுத்த கீமோ சைக்கிள்களில், அதாவது சுற்றுகளில், தவறாமல் போட்டார்கள்.

வார்டில் படுத்திருந்தபோது அவள் போனில் டெர்ரி ஃபாக்ஸ் என்பவரைப் பற்றிப் படித்திருக்கிறாள். கனடாக்காரர். 1977இல் இதே நோய்க்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980இல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. பாதியில் நுரையீரலில் வந்துவிட்டது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்துபோனார். இதையெல்லாம் ஏன் படிக்கிறாள் என்று எனக்கு எரிச்சல். அவள் நிதானமாக, "கால் இல்லாமயே அவ்வளவு தூரம் ஓடியிருக்காரு மாமா. கால் ஒரு பிரச்சினையே இல்ல. அதான் நெஞ்ச பார்க்கறாங்க" என்றாள்.

ஆபரேஷன் நெருங்கியதும் வீட்டில் இரண்டு கட்சி. "பொண்ணு, கால எடுக்க விடாதீங்க" என்று ஒரு கட்சி. "கால எடுத்துட்டா வேரோட போயிடுமே, எதுக்கு ரிஸ்க்" என்று இன்னொன்று. கட்டியைச் சுற்றி நல்ல திசு ஒரு அடுக்கோடு முழுசாக எடுக்க முடிந்தால், காலைக் காப்பாற்றினாலும் எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு முக்கியமான ரத்தக்குழாயும் நரம்பும் கட்டியில் மாட்டவில்லை. தொடை எலும்பின் கீழ்ப்பகுதியை மூட்டோடு எடுத்துவிட்டு உலோகத்தாலான பெரிய செயற்கை மூட்டு வைத்தார்கள். வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த வயது என்பதால் இரண்டு கால் உயரமும் வித்தியாசப்படும் கவலை பெரிதாக இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு அது ஒரு தனிச் சிக்கல். செலவில் பெரியது இந்த மூட்டுதான். காப்பீட்டுத் திட்டம் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

தையல் பிரித்த பிறகும் நாங்கள் காத்திருந்தது வேறொரு ரிப்போர்ட்டுக்கு. எடுத்த கட்டியில் எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 90க்கு மேல் என்றால் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு 80க்கும் 90க்கும் இடையில் வந்தது. எடுத்த பகுதியின் ஓரங்களில் புற்று இல்லை, சுத்தம். ஒன்று நல்லது, ஒன்று அரைகுறை. "மருந்தை மாத்திடலாமா, இன்னும் பவரா?" என்று கேட்டேன். 90க்குக் கீழே வந்தவர்களுக்கு மேற்கொண்டு மருந்து கூட்டிப் பெரிய ஆய்வு செய்தும் பலன் கூடவில்லை, பக்க விளைவுதான் கூடியது என்றார்கள். அதே மருந்திலேயே மிச்ச சைக்கிள்களை முடித்தாள்.

பிஸியோதெரபிதான் அவளை அதிகம் அழவைத்தது. முழங்கால் மடங்க வேண்டும், தொடைத் தசை திரும்ப வர வேண்டும். இப்போது தானாக நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள். தரையில் சம்மணம் போட முடியாது, கோ-கோ கிடையாது. மூட்டு தேய்ந்தோ தளர்ந்தோ போனால் சில வருடங்கள் கழித்து மாற்ற வேண்டி வரலாம். காய்ச்சலோ, தழும்பில் சிவப்போ தெரிந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் வருமாம், அதுவும் நுரையீரலில். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். காலுக்கு எக்ஸ்ரே, நெஞ்சுக்கு ஸ்கேன். அந்தச் சின்னக் கணு அப்படியே இருக்கிறது, பெரிதாகவும் இல்லை, மறையவும் இல்லை. வளராமல் இருக்கும் ஒவ்வொரு ஸ்கேனும் அது பழைய தழும்பு என்ற பக்கத்துக்கு எடை கூட்டுகிறது என்கிறார் டாக்டர். எங்களுக்கு அவர் இப்போது சொல்லும் பதில் இவ்வளவுதான்.

அடுத்த ஸ்கேன் அவளுடைய அரையாண்டுத் தேர்வு வாரத்தில் விழுகிறது. தேதியை மாற்றச் சொல்லி அவளே டாக்டரிடம் மல்லுக்கு நின்றாள். ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாதாம்.