அத்தானின் பாய்ப்படகு: முல்லைத்தீவு நாட்குறிப்பு

ஓகஸ்ட் 29

திருகோணமலையில் விலைக்கு நிற்கும் பழைய பாய்ப்படகொன்றை வாங்கிக் கொக்கிளாய்க் களப்பில் கட்டிவைக்க அத்தான் நினைக்கிறார், வாங்குமுன் பார்த்துச் சொல்வது என் வேலை. வெஸ்ரர்லி சென்ரோர் என்ற வகை, 26 அடி, ஃபைபர் உடல், அடியில் துடுப்புபோல நீளும் இரட்டை ஏரா. 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 2,400க்கும் மேல் கட்டப்பட்ட வகை என்பதால் உதிரிப்பாகத்துக்கும் ஆலோசனைக்கும் குறைவிராது என்கிறார் அத்தான். உண்மைதான், ஆனால் அந்த ஆலோசனைகள் கடல் பல மீற்றர் ஏறி இறங்கும் கரைகளிலிருந்து வருகின்றன. அங்கே வற்றில் இரு ஏராக்களும் சேற்றில் ஊன்றப் படகு சரியாமல் நிற்கும். சுற்றி நடந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. மூன்றடி அமிழும் படகின் அடியை இந்தக் கடல் எனக்குக் காட்டப்போவதில்லை.

செப்டெம்பர் 1

பாய்மரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் உருக்கு வடங்களை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

செப்டெம்பர் 4

திருகோணமலைக்குப் போய் வந்தேன். பெரிய பாயின் துணி இன்னும் விறைப்பாக இருக்கிறது, ஆனால் தையல் நூலை நகத்தால் கீறினால் அறுகிறது. வெயில் முதலில் நூலைத்தான் தின்னும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறும் பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும் மாற்றவேண்டியவை, அவற்றுக்கு அதிகம் செலவாகாது. அவசர ஒளிக்குண்டுகள் காலாவதியானவை. அபாய சமிக்ஞைக் கருவியை விற்பவர் பெருமையோடு எடுத்துக் காட்டினார்: 121.5 மெகாஹேர்ட்ஸ். அந்த அலைவரிசையைச் செய்மதிகள் கேட்பதை 2009 பெப்ரவரியிலேயே நிறுத்திவிட்டன. இன்று 406 மட்டுமே. அதைப் பட்டியலில் சேர்த்து விலை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

வடங்கள் பத்தொன்பது இழை முறுக்கிய துருப்பிடிக்கா உருக்கு. பஞ்சைப் பிடித்து நெடுக இழுத்துப் பார்த்தேன். அறுந்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும். எங்கும் சிக்கவில்லை. ஆயினும் வடத்தின் நுனியை அழுத்திப் பூட்டிய உறைக்குள் வெடிப்பிருந்தால் பஞ்சுக்கு எப்படித் தெரியும்?

செப்டெம்பர் 5

"பாய் நல்லதாமே" என்று அத்தானின் பதில். நூலைப் பற்றி நான் எழுதியதை அவர் வாசிக்கவில்லை.

செப்டெம்பர் 9

கொக்கிளாய் முகத்துவாரத்தைப் பார்க்கச் சம்மாட்டி ஐயாவுடன் போனேன். மாரி வெள்ளம் உடைத்துத் திறக்கும் வாயை மணல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. தன் ஃபைபர் போட் உரசாமல் போகும் இடத்தில் மூன்றடிப் படகு தட்டும் என்றார் ஐயா. தடியை ஊன்றிக் காட்டியும் விட்டார். உள்ளே போய்விட்டால் குளம்போலக் கிடக்கலாம், ஆனால் வெளியே எடுக்கும் நாளை மணல்தான் தீர்மானிக்கும்.

திரும்பும் வழியில் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அதுவும் கைமாறிய கப்பல்தான்: அமெரிக்கர் ஒருவர் வாங்கி, பெயரை மாற்றி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறை வரை ஓட்டுவித்தார், ஓட்டியவர்கள் நம்மவர்கள். "அதுக்கு மாலுமிகள் இருந்தார்கள், தம்பி, உங்கட அத்தானுக்கு யார்?" என்றார். நான் பேசாமல் வந்தேன்.

செப்டெம்பர் 15

திருகோணமலையிலிருந்து கொக்கிளாய்க்கு ஏறத்தாழ 30 கடல் மைல். காற்று தென்மேற்கில் நிற்கும்வரை அது பக்கவாட்டிலிருந்து கரை விட்டு வீசும், அலையும் அடங்கியிருக்கும், விடியப் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடலாம். வாடை திரும்பிவிட்டால் அதே பாதையில் காற்று நம்மைக் கரைமேல் தள்ளும். ஒதுங்கத் துறைமுகமில்லாத கரையது. அந்த நேரத்தில் ஒரு வடம் அறுந்தால் பாய்மரம் சாயும், பாய்மரம் சாய்ந்தால் பழைய டீசல் எஞ்சினை மட்டும் நம்பவேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலோ வண்டல். ஆகவே வடங்கள் முழுவதையும் மாற்றாமல் புறப்படுவதில்லை என்று அத்தானுக்கு எழுதிவிட்டேன். பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்பது என்னளவில் காரணமாகாது. ஏரா உடலோடு சேரும் இடத்தில் மயிர்வெடிப்பு உண்டா என்பதையும் படகைத் தூக்கிப் பார்த்தபின்தான் பணம்.

செப்டெம்பர் 16

வடங்களுக்கு விலை கேட்டேன். கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.

செப்டெம்பர் 18

பாரந்தூக்கி அடுத்த கிழமை கிடைக்கும், முற்பணம் நாளைக்கே கட்டவேண்டும். விற்பவர் தூக்குகூலியில் பாதியைத் தர மறுக்கிறார். அத்தானுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.