சீகன்பால்கு பிறந்த ஊர்

வேப்பேரியில் வளர்ந்த எனக்குச் சீகன்பால்கு பெயர் சின்ன வயசிலிருந்தே பழக்கம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பாதிரியார். 1682இல் அவர் பிறந்த ஊர் ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ். அக்கா மகன் ட்ரெஸ்டனில் படிப்பதால் எனக்கு அதைப் பார்க்கக் கிடைத்தது.

ட்ரெஸ்டனில் காமென்ஸ் ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எட்டாயிரம் பேருக்கும் குறைவான ஊர். நம்ம வேப்பேரியில் இரண்டு தெருவுக்குள் அடங்கிவிடும்.

அங்கே எல்லாரும் பேசுவது ஃபெஃபர்கூகன் பற்றித்தான். பட்டை, கிராம்பு, ஏலக்காய் மணக்கும் ஒரு கேக். அதைச் சுட ஊர் பேக்கரிக்காரர்களுக்கு 1558இலேயே உரிமை கிடைத்திருக்கிறது. மாவைத் தேனிலோ பாகிலோ பிசைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள், மசாலா அதன்பிறகுதான். கடைக்குள் நுழைந்ததும் சவுக்கார்பேட்டை மசாலாக் கடை வாசம். அப்படியே நின்றுவிட்டேன்.

இன்னொன்று அவுரித் துணி. மர அச்சால் பசையை ஒற்றி, அவுரிச் சாயத்தில் முக்குகிறார்கள். பசை பட்ட இடம் மட்டும் வெள்ளைப் பூவாக நிற்கும். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான் இது.

சந்தைச் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷெல். வைமார் நகரில் ஜெர்மன் கவிஞர்கள் கோதே, ஷில்லர் இருவரும் சேர்ந்து நிற்கும் சிலையைச் செய்தவர், இந்த ஊர்க்காரர். சீகன்பால்குவைத் தேடிப் போகிற தமிழர்கள் அவரையும் பாருங்கள். கேக் அருங்காட்சியகமும் பக்கத்திலேயே இருக்கிறது.