கோடு இறங்கியது எதனால்?

தென்னாப்பிரிக்கா ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவின் வரைபடத்தை நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். 1950இல் சுமார் 6 கோடி டன். இப்போது ஏறக்குறைய 40 கோடி! முமலாங்கா மாகாணத்து மின்நிலையங்களில் நிலக்கரி எரிகிறது, டர்பனில் நம் வீட்டு விளக்கு எரிகிறது.

கடைசியில் கோடு கொஞ்சம் இறங்குகிறது. "நல்லதுதானேப்பா?" என்றாள். முழுதாக மகிழ முடியவில்லை. 2022, 2023இல் நிலக்கரி மின்நிலையங்கள் அடிக்கடி பழுதாகி, மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அந்த இருட்டும் இந்த இறக்கத்துக்குள் இருக்கிறது. கூரைக்குக் கூரை சோலார் ஏறியதும் உண்மைதான், அது மட்டும் எனக்கு ஆறுதல்.

கரியமில வாயு கூடக் கூட பூமி சூடாகிறது, பெருமழையும் வலுக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மண் சரிந்த மேட்டைக் கடக்கும்போதெல்லாம் இனி அந்தக் கோடும் நினைவுக்கு வரும்.