எப்படித் தெரியும்?

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். களப்பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளிடமும் நான் கேட்கும் கேள்விதான். புத்தகத்தில் படித்ததையும் கண்ணால் கண்டதையும் பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டுமென்றால் அதைக் கேட்டே ஆக வேண்டும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜெய்சல்மேர்ப் பக்கத்து ஓரண் அது. தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் காத்துவரும் பொதுநிலம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கயிறு கட்டி, சதுரம் சதுரமாகச் சாண்டா வளைகளை எண்ணினார்கள். சாண்டா என்பது வாலில் முள் வளையங்கள் கொண்ட, இலைதழை தின்னும் பெரிய பல்லி. வாய் திறந்த வளைக்கு 'இருக்கிறது', மண் மூடிய வளைக்குக் 'காலி' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

அவர்களில் ஒரு பையன்தான் சொன்னான்: "தப்பு மாட்சாப் (நம்மூர் 'வாத்தியாரய்யா'தான்). மூடியிருந்தாத்தான் உள்ளே இருக்கும். வெயில் ஏறினா உள்ளேயிருந்து மண்ணை வச்சு அடைச்சுக்கும். இதோ, வால் இழுத்த கோடு உள்ளே போகுது பாருங்க."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

"சித்தப்பா காட்டினாரு. தோண்டும்போது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "இவங்க வீட்டுல எண்ணெய் காய்ச்சுவாங்க." கேஜ்ரி நிழலில் (நம்மூர் வன்னி மரம்தான்) உட்கார்ந்திருந்த ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் அவன் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூட்டுவலிக்கென்று சாண்டாவின் கொழுப்பெண்ணெயை விற்கிறார்கள். பிடித்ததும் ஓடாமலிருக்க முதுகெலும்பை ஒடித்துவிடுவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மறுநாள் பாடமே அதுதான்.

நான் நடத்தவில்லை. கோடாவணை எடுத்துக்கொண்டேன், நம் கானமயில். நேர் எதிரே பார்வை குறைவு, உடல் கனம், அதனால் மின்கம்பியைக் கண்டாலும் சட்டென்று திரும்ப முடியாமல் மோதிச் சாகிறது. பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். கம்பி போட்டவர் யாரும் அந்த அறையில் இல்லை. அவனும் இல்லை. பயிற்சி முடியும்வரை வரவேயில்லை. அவனுக்காகத்தான் பாடத்தை மாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த வளைகளுக்கும் அதில் என்ன செய்தேன் என்று கேட்டால் பதிலில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் தனியாகக் கேட்டால் அது விசாரணைபோல் ஆகியிருக்காதா?

பதிவேட்டில் எல்லா வளைகளையும் அவன் சொன்னபடியே மாற்றி எழுதினோம். 'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தில் அவன் பெயரை எழுதப் போய், எழுதாமல் விட்டேன். அவனைக் காப்பாற்றத்தான் விட்டேன். அந்தக் கண்டுபிடிப்பு அவனுடையது என்பதும் அதோடு போய்விட்டது.