முதல்ல தேதியைப் பாருங்க

சம்பா அறுவடை நேரம். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுலேருந்து போன். "தம்பி, நெட்டு செத்துப்போச்சு. பில்லு போட முடியல, லோடு வாசல்ல நிக்குது."

போய்ப் பார்த்தா ரவுட்டர் ஜம்முன்னு எரியுது. கூகுளோட 8.8.8.8ங்கிற முகவரிக்கு பிங் அடிச்சேன், அதாவது 'இருக்கியா'ன்னு கேட்டுப் பார்த்தேன், பதில் வருது. கூகுள்னு பேர் போட்டு அடிச்சேன், அதுவும் வருது. அப்போ நெட்டுலயும் கோளாறு இல்ல, பேரை முகவரியா மாத்திக் கொடுக்கிற டிஎன்எஸ்லயும் இல்ல. பிரவுசர்தான் எதைத் தொட்டாலும் 'பாதுகாப்பில்லை'ங்குது. அப்பதான் ஸ்கிரீனோட வலது மூலையில தேதி கண்ணுல பட்டுச்சு: 01-01-2015.

சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2015லயே உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்னிக்குள்ள சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல! கரண்ட் இல்லாதப்போ கடிகாரத்தை ஓட வைக்க மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி காலி. ராத்திரி கரண்ட் போனதும் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடிருச்சு. கழட்டி மீட்டர் வெச்சேன். 3 வோல்ட் காட்டணும், 1.9தான் வருது. வாட்ச் கடையில புதுசு வாங்கிப் போட்டேன்.

"இந்தக் காசு அளவு பேட்டரிக்கா காலையிலேருந்து லாரி நிக்குது?"ன்னார் முதலாளி. டீ மட்டும் நல்லா இருந்துச்சு.

அடுத்த மாசம் அதே மில்லு. இந்தத் தடவை கம்ப்யூட்டரோட ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, 169.254ன்னு ஆரம்பிக்குது, ரவுட்டர்கிட்டேருந்து முகவரியே வரலைன்னு அர்த்தம். ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். நெல்லு மூட்டைக்குப் பின்னாடி எலி கடிச்சு வெச்சிருக்கு.