டோனர் கணவாய்க்கு இந்தப் பக்கம்

மே 4

டிக்சன், கலிபோர்னியா. கடல்மட்டத்திலிருந்து நூறு அடி உயரம்கூட இல்லாத ஊர். இங்கேதான் எங்கள் டிரெய்லர் வீட்டை நிறுத்தியிருக்கிறோம்; கிழக்கே போகும் வழியில் டோனர் மலைக்கணவாய் இருக்கிறது. அவருடைய ஒரு கண்ணுக்குள் மருத்துவர் வாயு வைத்திருக்கிறார்; அதற்கு அடையாளமாக மணிக்கட்டில் மாட்டிய பச்சைப் பட்டை இருக்கும் வரை இதற்கு மேல் ஏறக் கூடாது.

மே 6

டிரெய்லரை இழுக்கும் எங்கள் பிக்கப் வண்டியின் விளம்பரத் தாளில் 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்; அவரும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த எண்ணையே சொல்லி மகிழ்கிறார். எனக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து எங்கள் இருவருக்கும் 310, டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் ஹிட்ச் இரும்புகளுக்கு 90, பின்தொட்டியில் கிடக்கும் கருவிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் 250 என்று கழித்தால், டிரெய்லரின் முன்முனை கொக்கியின் மேல் இறக்கும் எடைக்கு, அதாவது டங் வெயிட்டுக்கு, 830 பவுண்டுதான் மிஞ்சுகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது கணக்கு. ஆகவே 6,000 பவுண்டு டிரெய்லருக்கே 600 முதல் 900 வரை வேண்டியிருக்கும். 9,000 என்பது விற்பவருக்கு உதவும் எண். எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிறவர்களில் எத்தனை பேர் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறார்கள்?

மே 7

அத்தை தொலைபேசியில், "இன்னும் அந்த வண்டிக்குள்ளயேதான் குடித்தனமா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மே 10

நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடைக்கு டிரெய்லரை இழுத்துச் சென்றேன். மேடையில் தனித்தனித் தட்டுகள் இருக்கின்றன. முன்சக்கரங்கள் ஒன்றிலும், பின்சக்கரங்கள் அடுத்ததிலும், டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்க வேண்டும். முதலில் ஹிட்ச்சின் வில்கம்பிகளை மாட்டாமல் நிறுத்தினேன்: முன்அச்சு 2,980, பின்அச்சு 3,860, டிரெய்லர் 5,180. பிறகு கம்பிகளை மாட்டிவிட்டு நிறுத்தினேன்: 3,180, 3,540, 5,300. கடைசியாக டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஏற்றினேன்: முன்னால் 3,260, பின்னால் 2,860, ஆக 6,120.

மாலை முழுவதும் அந்த மூன்று சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். கம்பியில்லாமல் பிக்கப் மட்டும் 6,840. அதில் 6,120 போனால் டங் வெயிட் 720. டிரெய்லரின் முழு எடை 5,900 என்பதால் விகிதம் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். இது நன்று. கவனிக்க வேண்டியது முன்அச்சுதான். ஏற்றப்பலகையின் ஒரு முனையில் கனமானவர் உட்கார்ந்தால் மறுமுனை எழுவதுபோல், கொக்கியில் எடை இறங்கியதும் முன்சக்கரங்கள் 280 பவுண்டை இழந்துவிட்டன. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் அந்தச் சக்கரங்களின் வேலை. வில்கம்பிகள் அதில் 200 பவுண்டை முன்னுக்குத் திருப்பித் தந்திருக்கின்றன. இன்னொரு கண்ணி இறுக்கினால் இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் முழுதும் வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை என்று பக்கத்து இடத்துப் பெரியவர் சொல்கிறார்.

மே 11

கிரைண்டர் விவகாரம். டிரெய்லரின் பின்கோடிப் பெட்டியில் கிரைண்டரும், இரும்புத் தோசைக்கல்லும், மூன்று பெட்டிப் புத்தகங்களும் இருக்கின்றன. எடுக்க வசதியான இடம் அது என்கிறார் அவர். அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் ஒரு பவுண்டை வைக்கிறோமோ அந்த அளவுக்கு அது முன்முனையைத் தூக்கும்; முன்முனை இலேசானால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கிரைண்டர் கல்லின் எடையை மட்டும் வைத்து இதைப் பேசக் கூடாது, அது நிற்கும் தூரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தான் பொறியியல் படித்தவர் என்பதை நினைவூட்டினார். எல்லாவற்றையும் சக்கரங்களுக்கு நேர் மேலே, சோபாவின் அடியில், மாற்றிவிட்டேன்.

மே 13

கண்ணுக்குள் வாயுவின் விளிம்பாகத் தெரியும் கோடு இன்று பார்வையின் பாதி வரை இறங்கிவிட்டதாம். கீழே தண்ணீர் அசைவதுபோல் தெரிகிறதாம்.

மே 15

பின்னோக்கி ஓட்டும் பயிற்சி. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கை வைத்துக்கொண்டால், டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தலாம். மேலே பிடித்தால்தான் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். கையைச் சிறிது நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் டிரெய்லர் தாமதமாகத்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் வருவதற்குள் இன்னும் திருப்பினால் நடுவில் மடங்கிக்கொள்ளும். மடங்கத் தொடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வருவதே வழி. ஓட்டுநர் பக்கமாக வளைந்து நுழையும் இடங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மறுபக்கமாக வளைந்தால் டிரெய்லர் எங்கே போகிறது என்று கண்ணாடியில் தெரியாது.

அவர் பின்னால் நின்று வழி சொல்ல ஆசைப்பட்டார். ஒரு கண்ணால் தூரம் மட்டுப்படாது. நான் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்து, மறுபடி ஏறினேன், ஒவ்வொரு முறையும். அவர் நாற்காலியை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

மே 16

பேசவில்லை.

மே 19

30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் குழம்பும் மைக்ரோவேவில் பாலும் ஒரே நேரத்தில் நடக்காது. கழிவறைக்கான பிளாக் டேங்க்கின் வால்வை மூடியே வைத்து, முக்கால்வாசி நிரம்பிய பிறகு திறக்க வேண்டும். எப்போதும் திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிப்போய்த் திடப்பொருள் அடியில் குவிந்து இறுகிவிடும். முதலில் அதைத் திறந்துவிட்டுப் பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர் இருக்கும் கிரே டேங்க்கைத் திறந்தால், குழாய் தானே அலசப்படும். நம் சமையலுக்குக் கிரே டேங்க்தான் முதலில் நிரம்புகிறது, நாறுவதும் அதுவே. எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்தெறிந்த பிறகே பாத்திரங்களைத் தொட்டியில் போடுகிறேன்.

மே 22

வடக்கிலிருந்து காற்று. இங்கே நெடுஞ்சாலை கிழக்கும் மேற்குமாக ஓடுவதால் காற்று பக்கவாட்டில் அறைகிறது. இதற்காகவே காத்திருந்து வண்டியை எடுத்தேன். புறப்படும் முன், வெற்றுச் சாலையில் மணிக்கு 25 மைலில் டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரின் நெம்புகோலைக் கையால் முழுதும் அழுத்தி, டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அளவை வைத்துக்கொண்டேன். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல்தான் உச்சவேகம். எனக்கு அது போதும். ஒரு பெரிய லாரி தாண்டிச் சென்றபோது அதன் முகப்புக் காற்று முதலில் எங்களை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்தது. டிரெய்லர் ஒருமுறை அசைந்து, தானே அடங்கிவிட்டது. அடங்காமல் ஆட்டம் வளர்ந்தால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினால், பின்னாலிருப்பது இழுபட்டு நேராகிவிடும். நெம்புகோல் இருக்கும் இடத்தை விரல்கள் இப்போது பார்க்காமலே கண்டுபிடிக்கின்றன.

720. தண்ணீர்த்தொட்டியில் 40 காலன் நிரப்பினால் 330 பவுண்டு கூடும். தொட்டி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் டங் வெயிட் 720-க்குக் கீழே போய்விடும்.

மே 27

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டயரின் வரிகள் தேயாமல் புதிதுபோல் இருக்கிறதே, எதற்குச் செலவு என்கிறார் அவர். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலிலும் வயதிலும் சாவதே அதிகம். பழைய டயர்கள் ஒவ்வொன்றும் 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்குபவை. அதே அளவில் 65 பிஎஸ்ஐ, 2,040 பவுண்டு தாங்கும் வகைக்குச் சொல்லியிருக்கிறேன். கூடுதல் காற்றை ரிம் தாங்குமா என்று அதன் உட்புறத்தில் பொறித்திருப்பதைப் படுத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். தாங்கும்.

மே 30

தெற்கே தெஹாச்சபி வழியாகப் போனால் 4,000 அடிதானே, அரிசோனாவின் தென்பகுதியைக் கடந்து சுற்றிப் போய்விடலாமே என்று வரைபடத்தை நீட்டுகிறார். கண்ணுக்குள் வாயு இருக்கும் வரை 4,000 அடியும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல, அவர் வரைபடத்தை மடிக்க, மைக்ரோவேவோடு ஏசியும் நின்றுபோனது. இருட்டில் பிரேக்கரைத் தேடிப் போனேன்.

ஜூன் 2

கோடு போய் வட்டமாகிவிட்டதாம். கீழே, ஒரு மிளகு அளவுக்கு.

ஜூன் 3

இவ்வளவு நாளும் டோனரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே 80-ஆம் நெடுஞ்சாலை 7,239 அடி. ஆனால் நாங்கள் நெப்ராஸ்கா வரை போகவிருக்கும் அதே சாலையின் உச்சி வயோமிங்கில், லாரமிக்குக் கிழக்கே, 8,640 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். ஆகவே அங்கே கால்பங்கு வலு இருக்காது. வலப்பாதையில் லாரிகளோடு ஊர்ந்து ஏற வேண்டியதுதான். இறக்கத்தில், சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட்டு, வேகம் கூடும்போது பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். இலேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் வெந்துவிடும்.

எனக்கு ஏற்றத்தைவிட ராலின்ஸுக்கும் லாரமிக்கும் இடையே வீசும் காற்றுதான் கவலை. காற்று மிஞ்சினால், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள். நாங்கள் அந்த வகைதான். மூடினால் ராலின்ஸிலேயே தங்குவது என்று இப்போதே அவரிடம் எழுதி வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏனென்றால், அங்கே போய் நின்றபின், இன்னும் நூறு மைல்தானே என்று அவர் தொடங்குவார்.

ஜூன் 6

பச்சைப் பட்டையை மருத்துவரே வெட்டினார். இன்னும் சில வாரம் வண்டி நான்தான் ஓட்ட வேண்டும்.

புது டயர்கள் மாட்டியாயிற்று. கழற்றிப் பூட்டிய சக்கர நட்டுகளை 10, 25, 50 மைலில் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்: டேவிஸ், சாக்ரமெண்டோ, ஆபர்ன். தண்ணீர் பத்து காலன் போதும். மலையடிவாரத்து வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டுமென்பதால் காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. அவர் கிரைண்டரை மறுபடி பின்பெட்டியில் வைத்திருக்கிறார்.